கரடிக்கு ஆவக்காய் பிடிக்குமா?
வசந்தகாலக் காட்டுக் கேள்விகளும் பதில்களும்

ஏப்ரல் பிறந்தால் நியூ ஜெர்சித் தமிழ் வீடுகளின் கராஜில் டென்ட் தேடும் படலம் தொடங்கிவிடுகிறது. இந்தமுறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பென்சில்வேனியாவின் வடக்கே இருக்கும் ஸ்டேட் ஃபாரஸ்ட்களைப் பற்றியவை. மீதி, அங்கே வர விரும்பாத குடும்பத்தினர் எழுதியவை. இரு தரப்புக்கும் சேர்த்தே பதில்.

*

கே: ஸ்டேட் பார்க், ஸ்டேட் ஃபாரஸ்ட் இரண்டும் மரம்தானே? என்ன வித்தியாசம்?
– ஒரு வாசகர், பார்சிப்பனி

ப: பார்க்கில் குழாய்த் தண்ணீர், கழிப்பறை, பல இடங்களில் வெந்நீர்க் குளியல், பக்கத்து டென்ட்டின் குறட்டை எல்லாம் உண்டு. ஃபாரஸ்ட்டில் இவை கிடையாது. குறட்டையைக்கூட நீங்களேதான் கொண்டுபோக வேண்டும். பென்சில்வேனியாவில் இரண்டுக்குமே நுழைவுக் கட்டணம் இல்லை. ஃபாரஸ்ட் மட்டும் சுமார் 22 லட்சம் ஏக்கர், 20 வன மாவட்டங்கள். அங்கே உங்களுக்காக யாரும் எதையும் ஏற்பாடு செய்து வைத்திருக்க மாட்டார்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு வரிக்கு உரைதான்.

*

கே: அரசாங்கக் காடுதானே, நினைத்த இடத்தில் டென்ட் அடிக்கலாமா?
– வரி கட்டுபவர், பிஸ்காட்டவே

ப: பையை முதுகில் மாட்டிக்கொண்டு உள்ளே நடந்து போய், ஓர் இரவு தங்கி, மறுநாள் வேறு இடத்துக்கு நகர்பவருக்கு பெர்மிட் தேவையில்லை. அதே இடத்தில் இரண்டாம் இரவு என்றால் தேவை. காரை நிறுத்தி அதன் பக்கத்திலேயே டென்ட் அடிப்பவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலோர், அதற்கென்று ஒதுக்கிய இடங்களில் மட்டுமே பெர்மிட் வாங்கித் தங்கலாம். போவதற்கு முன் அந்த வன மாவட்ட அலுவலகத்துக்கு வாரநாளில் ஒரு போன் போடுங்கள். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே இன்னும் சேறு, எந்த இடத்தில் நிழல் என்று அங்கே போனை எடுப்பவருக்குத் தெரிந்த விஷயம் எந்தச் செயலிக்கும் தெரியாது. அப்படியே காகித வரைபடமும் கேளுங்கள், இலவசம்.

*

கே: மூன்று நாள் லீவு. ஐந்து காடு, நான்கு பார்க், இரண்டு அருவி என்று எக்செல் போட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்லவும்.
– ப்ராஜெக்ட் மேனேஜர், பிளெயின்ஸ்பரோ

ப: பார்த்தேன். சாப்பிடவும் தூங்கவும் ஒரு வரிசை சேர்க்க மறந்துவிட்டீர்கள். காட்டுக்குள் சரளைச் சாலை; நெடுஞ்சாலையில் அரை மணி நேரத்தில் முடிகிற தூரத்துக்கு அங்கே ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

என் யோசனை இது. முதல் நாள் 80-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போய், வில்லியம்ஸ்போர்ட் பக்கம் வடக்கே திரும்பி வெல்ஸ்பரோ. அதன் அருகே லெனர்ட் ஹாரிசன் பார்க்கில் நின்றால் பைன் க்ரீக் பள்ளத்தாக்கு உங்கள் காலடியில் 800 அடி கீழே இறங்கும். பள்ளத்தாக்கின் மொத்த நீளம் 47 மைல். அதன் அடியில் பழைய ரயில் தடம் இன்று 62 மைல் சைக்கிள் பாதை. இரண்டாம் நாள் 6-ஆம் எண் சாலையில் மேற்கே கேல்டன் தாண்டிப் போட்டர் கவுண்டி. சஸ்கிஹானக் ஸ்டேட் ஃபாரஸ்ட்டில் டென்ட். இரவு செரி ஸ்ப்ரிங்ஸில் வானம். மூன்றாம் நாள் 144-ஆம் எண் சாலையில் தெற்கே ரெனோவோ. பக்கத்தில் ஹைனர் வியூ ஏறிப் பார்த்துவிட்டு, ஸ்ப்ரௌல் ஸ்டேட் ஃபாரஸ்ட்டைக் கிழித்துக்கொண்டு ஸ்னோ ஷூ வழியாகத் திரும்ப 80. ஸ்ப்ரௌல்தான் மாநிலத்தின் மிகப் பெரிய ஸ்டேட் ஃபாரஸ்ட், மூன்று லட்சம் ஏக்கருக்கு மேல்.

இதிலும் ஓர் இடத்தைக் கழித்துவிட முடிந்தால் கழியுங்கள். காட்டில் டெட்லைன் இல்லை. அதற்காகத்தானே போகிறீர்கள்?

*

கே: ஏப்ரலா, மேயா?
– சித்திரையில் பிறந்தவர், எக்ஸ்டன்

ப: ஏப்ரலில் கூட்டம் இல்லை, கொசு இல்லை, மரத்தில் இலையும் இல்லை. அதனால் மலையின் உடம்பு முழுக்கத் தெரியும். கூடவே பனி பெய்யலாம். காட்டுச் சாலைகளில் பல குளிர்காலத்தில் பனி அள்ளப்படாதவை, பனி உருகும்போது சேறாகிவிடுபவை. மே நடுவில் இலை துளிர்த்து, ட்ரில்லியம் பூத்து, பாதைகள் காய்ந்திருக்கும். உண்ணிகளும் சுறுசுறுப்பாக இருக்கும். அழகு வேண்டுமென்றால் மே. தனிமை வேண்டுமென்றால் ஏப்ரல். இரண்டும் வேண்டுமென்றால் மே மாதச் செவ்வாய்க்கிழமை.

*

கே: பகலில் 70 டிகிரி ஃபாரன்ஹீட் என்று போட்டிருக்கிறது. மெல்லிய போர்வை போதும்தானே?
– நம்பிக்கை மிகுந்தவர், ஜெர்சி சிட்டி

ப: பகலில் போதும். பகலில் தூங்குவீர்களா? போட்டர் கவுண்டி இரண்டாயிரம் அடிக்கு மேலான மேட்டுநிலம். மே நடுவிலும் விடியற்காலை உறைபனி விழும் ஊர். ஸ்லீப்பிங் பேக்கில் அச்சிட்டிருக்கும் டிகிரி பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் எல்லையே தவிர, சுகமாகத் தூங்கும் எல்லை ஆகாது. அதைவிட முக்கியம் அடியில் போடும் மேட். உடம்புச் சூட்டை உறிஞ்சுவது மேலே இருக்கும் காற்றைவிடக் கீழே இருக்கும் தரைதான். பேக் வாங்கிக் காசு தீர்ந்துபோய் மேட்டில் சிக்கனம் பிடிப்பவர்கள் விடிய விடிய உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

*

கே: கேம்ப் ஃபயர் இல்லாமல் என்ன கேம்ப்பிங்? கிதாரெல்லாம் எடுத்து வைத்துவிட்டோம்.
– ஐவர் குழு, நியூ பிரன்ஸ்விக்

ப: கிதாரை எடுத்துப் போங்கள், தீப்பெட்டி வேண்டாம். மார்ச் 1 முதல் மே 25 வரை பென்சில்வேனியா ஸ்டேட் ஃபாரஸ்ட் நிலத்தில், மாவட்ட வன அதிகாரியின் அனுமதி இல்லாமல் திறந்தவெளியில் தீ மூட்டத் தடை. மற்ற மாதங்களிலும் தீ அபாயம் கூடினால் அதே தடை.

‘பச்சைப் பசேலென்று மழை பெய்கிற ஊரில் காட்டுத்தீயா’ என்று கேட்பீர்கள். பச்சை வருவதற்கு முன்புதான் ஆபத்தே. போன இலையுதிர்காலத்துச் சருகு முழுக்கத் தரையில் கிடக்கிறது. மரத்தில் இன்னும் இலை இல்லாததால் வெயில் நேரே சருகில் விழுந்து காய வைக்கிறது. காற்று பலமாக வீசுகிறது, ஈரப்பதம் குறைவு. இலை விரிந்து நிழல் விழுந்தபின் தரை ஈரமாகி ஆபத்து தணியும். அந்த இடைவெளியில்தான் நம் லீவும் வருகிறது. இங்கே ஏறக்குறைய எல்லாக் காட்டுத்தீயும் மனிதர் கைவேலை. ஐவர் குழுவில் யார் என்று விசாரணை நடக்கும் நிலைக்குப் போக வேண்டாம்.

*

கே: சரி, ஜூனில் போகிறோம். வீட்டுப் பின்கட்டில் விறகு நிறையக் கிடக்கிறது. எடுத்துப் போகலாமா?
– அதே ஐவர் குழு

ப: விறகோடு பூச்சியும் பயணம் செய்யும். ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் மரகத நிற வண்டு 2007-இல் பென்சில்வேனியாவில் தென்பட்டது. அதன் பிறகு ஆஷ் மரங்கள் அழிந்த வேகத்துக்கு விறகுக் கட்டுகளும் ஒரு காரணம். எங்கே எரிக்கிறீர்களோ அங்கேயே வாங்குங்கள். காரையும் ஒரு சுற்றுப் பாருங்கள். 2014-இல் பெர்க்ஸ் கவுண்டியில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட லான்டர்ன்ஃப்ளை என்ற பூச்சி கார், டென்ட் பை, நாற்காலி என்று எதன்மேலும் முட்டையிடும். சேறு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவீர்கள். சுரண்டி எடுத்து நசுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

*

கே: கரடிக்கு ஆவக்காய் பிடிக்குமா?
– ஆந்திர மருமகளைப் பெற்றவர், எடிசன்

ப: மனிதருக்கு வாசனை வருகிற எதுவும் அதற்குப் பிடிக்கும், வாசனை வராததும் பிடிக்கும். இங்கே இருப்பது கறுப்புக் கரடி. ஜனவரியில் குகைக்குள் குட்டி போட்டு, ஏப்ரல் வாக்கில் குட்டிகளோடு வெளியே வரும். பல மாதப் பட்டினி. காட்டில் தின்ன இன்னும் பெரிதாக எதுவும் முளைக்கவில்லை. அந்தச் சமயத்தில் நீங்கள் நெய்யில் தாளிக்கிறீர்கள்.

சாப்பாடு, மசாலா, குப்பை, பற்பசை, சோப்பு, குழந்தையின் பிஸ்கட் எல்லாம் இரவில் காருக்குள், கண்ணாடி ஏற்றிப் பூட்டி. டென்ட்டுக்குள் எதுவும் கூடாது. சமைத்த இடத்தைவிட்டுத் தள்ளிப் படுங்கள். சமைத்தபோது போட்டிருந்த சட்டையையும் காரிலேயே விடுங்கள். கரடிக்கு உணவு வைப்பது இங்கே சட்டப்படி குற்றம். ‘பாவம், பசிக்கிறது’ என்ற வாதம் எடுபடாது.

எதிரே வந்துவிட்டால் ஓடாதீர்கள். உங்களைவிட அது வேகம். மரம் ஏறாதீர்கள், அதிலும் அது கெட்டி. கையை உயர்த்தி உருவத்தைப் பெரிதாக்கி, உரக்கப் பேசிக்கொண்டே, அதற்கு விலகிப்போக வழி விட்டு, மெல்லப் பின்வாங்குங்கள். செத்த மாதிரி கிடக்கும் சின்ன வயசுக் கதை கறுப்புக் கரடியிடம் செல்லாது. மேலே பாய்ந்தால் கையில் கிடைத்ததைக் கொண்டு திருப்பி அடிப்பதே வழி. பெரும்பாலும் உங்கள் குரல் கேட்டதுமே அது போய்விடும். உங்கள் வீட்டில் யாருடைய குரல் கணீரென்று இருக்குமோ அவரை முன்னால் நடக்கவிடுங்கள். பெயர் கேட்காதீர்கள்.

*

கே: கரடி, பாம்பு, உண்ணி. எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?
– மூன்றுக்கும் பயப்படுபவர், மன்ரோ

ப: மூன்றில் சின்னதற்கு. மே முதல் ஜூலை வரை அலையும் இளம் உண்ணி கசகசா அளவுதான்; கடித்தால் வலிக்காது, லைம் நோயைத் தரும். அமெரிக்காவில் லைம் நோய் அதிகம் பதிவாகும் மாநிலங்களில் பென்சில்வேனியா முன்வரிசை. முழுக்கால் பேன்ட், அதன் நுனி சாக்ஸுக்குள். ஃபேஷன் போனால் போகட்டும். துணிக்கு பெர்மெத்ரின், தோலுக்கு டீட். பெர்மெத்ரினைத் தோலில் பூசக்கூடாது. வீடு திரும்பியதும் குளியல், முழங்கால் மடிப்பு, அக்குள், காதோரம், தலைமுடி எல்லாம் சோதனை. போட்ட துணி டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம். கடித்துக்கொண்டிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். தீக்குச்சி, நெயில் பாலிஷ், நல்லெண்ணெய் வைத்தியம் வேண்டாம். நோய் தொற்ற உண்ணி பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், அன்றன்றே பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். பிறகு சில வாரங்களில் காய்ச்சலோ, பரவும் சிவப்புத் தடிப்போ வந்தால் டாக்டரிடம் ‘காட்டுக்குப் போனேன்’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

ராட்டில் ஸ்நேக் ஏப்ரல் கடைசியில் வளையை விட்டு வெளியே வந்து வெயில் படும் பாறையில் படுக்கும். வாலை ஆட்டி முன்கூட்டியே எச்சரிக்கிற நாகரிகம் அதற்கு உண்டு. கை வைக்கும் இடத்தையும் கால் வைக்கும் இடத்தையும் பார்த்து வைத்தால் போதும்.

*

கே: போட்டோவுக்காக அனைவருக்கும் சிவப்பு, நீலம், வெள்ளையில் ஒரே மாதிரி டிசர்ட் அடித்திருக்கிறோம்.
– புதுக் குடியுரிமை பெற்ற குடும்பம், பிரிட்ஜ்வாட்டர்

ப: வாழ்த்துகள். ஆனால் மே மாதம் முழுக்கக் காட்டில் வான்கோழி வேட்டைக்காலம். ஆண் வான்கோழியின் தலை நிறங்கள் என்னவென்று நினைக்கிறீர்கள்? சிவப்பு, வெள்ளை, நீலம். புதருக்குள்ளிருந்து குறிபார்ப்பவருக்கு உங்கள் தேசப்பற்று புரியாமல் போகலாம். பளிச்சென்ற ஆரஞ்சு போடுங்கள். டிசர்ட்டை ஜூலை 4-க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

*

கே: அங்கே சிக்னல் கிடைக்குமா? ஆபீஸிலிருந்து அழைப்பு வரலாம்.
– இன்றியமையாதவர், ஹோபோகன்

ப: கிடைக்காது, அவர்களும் சமாளித்துக்கொள்வார்கள். 144-ஆம் எண் சாலையில் மைல் கணக்கில் போன் ஊமை. வரைபடத்தை வீட்டிலேயே டவுன்லோடு செய்யுங்கள். எந்தக் காடு, எந்த இரவு எங்கே, எத்தனை மணிக்குள் பேசாவிட்டால் 911-க்குச் சொல்ல வேண்டும் என்று ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். புதிய போன்கள் சிலவற்றில் சாட்டிலைட் வழி அவசரச் செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது. உங்களுடையதில் உண்டா என்று சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதே பாருங்கள். கௌடர்ஸ்போர்ட், வெல்ஸ்பரோ இரண்டிலும் மருத்துவமனை இருக்கிறது.

*

கே: பெட்ரோல்?
– சுருக்கமாகக் கேட்பவர், எடிசன்

ப: பாதி டேங்க் வந்ததும் நிரப்புங்கள். இன்னொன்று: நியூ ஜெர்சியில் 1949 முதல் சுயமாகப் பெட்ரோல் போடத் தடை. கார் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் பழக்கத்தில் பென்சில்வேனியா பங்க்கில் உட்கார்ந்தால், மறுநாளும் அங்கேதான் இருப்பீர்கள்.

*

கே: வாடகைக்குப் பெரிய எஸ்.யு.வி. எடுக்கிறோம். எந்தச் சாலையிலும் போகும்தானே?
– ஃபோர் வீல் பக்தர், சோமர்செட்

ப: வண்டி போகும், ஒப்பந்தம் போகாது. வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் தார் போடாத சாலையில் ஓட்டக்கூடாது என்று பொடி எழுத்தில் இருக்கும். ஸ்பேர் டயர் நிஜமாகவே இருக்கிறதா என்றும் திறந்து பாருங்கள். இப்போது பல வண்டிகளில் அந்த இடத்தில் ஒரு பசை டப்பாதான் இருக்கிறது.

*

கே: காட்டில் தோசை வார்க்கலாமா?
– கிரைண்டரை விட்டுப் பிரிய முடியாதவர், ஃபிராங்க்ளின் பார்க்

ப: தாராளமாக. உறைபனிக் குளிரில் மாவு புளிக்காது; முதல் நாளே வீட்டில் பொங்க வைத்து கூலரில் எடுத்துப் போங்கள். மேசை அடுப்புக்குக் கடையில் கிடைக்கும் நீள டப்பா பெரும்பாலும் பியூட்டேன். பூஜ்ஜியம் செல்சியஸை ஒட்டினால் அது ஆவியாகவே மறுக்கும். புரொபேன் அடுப்பு விடியற்காலையிலும் எரியும். மழை வந்தாலும் டென்ட்டுக்குள் அடுப்பு பற்ற வைக்காதீர்கள். தீயைவிட மோசம் கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கதை முடிந்துவிடும். பாத்திரத்தை ஓடையில் கழுவாமல் 200 அடி தள்ளி, ஏறக்குறைய எழுபது எட்டு, எடுத்துப் போய்க் கழுவுங்கள். ஓடைத் தண்ணீரைக் குடிப்பதாக இருந்தால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். கண்ணாடியாக இருந்தாலும்.

*

கே: கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கழிப்பறை?
– பெயர், ஊர் இரண்டும் வேண்டாம்

ப: கூச்சப்படாமல் ஒரு சின்ன மண்வாரி வாங்குங்கள். தண்ணீர், பாதை, டென்ட் மூன்றிலிருந்தும் 200 அடி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில் குழி. முடிந்ததும் மூடுங்கள். காகிதம் உங்களோடு பையில் திரும்பி வர வேண்டும். சொம்புக் கலாசாரத்தில் வந்தவர்களுக்குக் காகிதப் பிரச்சினையே பாதி இல்லை; நம் முன்னோர்கள் சும்மா ஒன்றும் அப்படிப் பழக்கவில்லை.

*

கே: ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்திருக்கிறார்கள். விட்டுவிட்டுப் போனால் தப்பு, கூட்டிப்போனால் முழங்கால் வலி. என்ன செய்வது?
– நடுவில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை, கம்பர்லேண்ட்

ப: 1930-களின் பெருமந்தத்தில் வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அரசு நடத்திய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் கட்டிய மரக் கேபின்கள் பார்க்கர் டேம், வேர்ல்ட்ஸ் எண்ட் போன்ற ஸ்டேட் பார்க்குகளில் இன்றும் வாடகைக்குக் கிடைக்கின்றன. கட்டில் உண்டு, கூரை உண்டு. கழிப்பறைக்குக் கொஞ்சம் வெளியே நடக்க வேண்டும். சீக்கிரம் பதிவு செய்யுங்கள். மாமனார் ‘எங்க காலத்துல இதுக்கெல்லாம் காசு குடுக்க மாட்டோம்’ என்பார். அதை மட்டும் ரசீது இல்லாமல் பெற்றுக்கொள்ளுங்கள்.

*

கே: செரி ஸ்ப்ரிங்ஸ் என்கிறார்கள். நட்சத்திரம் எடிசனில் தெரியாதா?
– மொட்டைமாடி விஞ்ஞானி, எடிசன்

ப: எடிசனில் தெரிவது பெரும்பாலும் விமானம். செரி ஸ்ப்ரிங்ஸ் 2,300 அடி உயர மேடு, சுற்றிலும் சஸ்கிஹானக் காடு, பக்கத்தில் பெரிய ஊர் எதுவும் இல்லை. 2008-இல் சர்வதேச இருள்வானப் பூங்காவாக அங்கீகரிக்கப்பட்டது. அமாவாசையை ஒட்டிப் போங்கள். வெள்ளை விளக்கு அங்கே தடை. டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டுங்கள், போன் திரையை அணையுங்கள், கார்க் கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கை முன்னதாகவே நிறுத்திவிடுங்கள். இரவு முழுக்கத் தொலைநோக்கியோடு தங்குபவருக்குத் தனி மைதானம், அதற்கு முன்பதிவு வேண்டும். சும்மா அண்ணாந்து பார்க்க வருபவருக்குத் தனி இடம், பதிவு வேண்டாம்.

வசந்தத்தில் பால்வீதியின் நடுப்பகுதி நள்ளிரவுக்குப் பிறகுதான் எழும். அதற்குள் தலைக்கு மேலே சப்தரிஷி மண்டலம். அதன் கைப்பிடி வளைவைப் பிடித்துக்கொண்டே போனால் சுவாதி, இன்னும் நீட்டினால் சித்திரை. கைப்பிடியின் நடுவில் வசிஷ்டர், ஒட்டினாற்போல அருந்ததி. கல்யாண மண்டபத்தில் நண்பகலில் கூரையைப் பார்த்து ‘தெரிகிறது, தெரிகிறது’ என்று சொன்னீர்களே, அந்த அருந்ததிதான். தாமதமானாலும் ஒருமுறை ஜோடியாகப் பார்த்துவிடுங்கள்; அந்தச் சாட்சியம் செல்லுபடியாகட்டும்.

*

கே: இவ்வளவு பெரிய காட்டை யார் நட்டார்கள்?
– பள்ளி மாணவி, வெஸ்ட் வின்ட்சர்

ப: நல்ல கேள்வி. ‘யார் வெட்டினார்கள்’ என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வெள்ளைப் பைனும் ஹெம்லாக்கும் வானளாவ நின்றன. பைன் கப்பல் பாய்மரத்துக்கும் வீட்டுக்கும் போனது. ஹெம்லாக்கின் பட்டை தோல் பதனிடப் போனது. பட்டையை உரித்துவிட்டு மரத்தை அப்படியே அழுகவிட்ட காலமும் உண்டு. மரம் மிதந்து வந்த வில்லியம்ஸ்போர்ட் கோடீஸ்வரர்களின் ஊரானது. அவர்களுடைய மாளிகைத் தெரு இன்றும் இருக்கிறது. பிறகு மலைக்குள் ரயில் போட்டு மிச்சத்தையும் வெட்டினார்கள். முடிவில் கட்டைகளும் கிளைகளும் காய்ந்து, ரயில் எஞ்சின் பொறியில் எரிந்து, மண் ஆற்றில் கரைந்து, இந்தப் பகுதிக்கு ‘பென்சில்வேனியா பாலைவனம்’ என்றே பெயர் வந்தது.

வெட்டியவர்கள் நிலத்துக்கு வரி கட்டக்கூட விரும்பாமல் கைவிட்டுப் போனார்கள். ஜோசப் ராத்ராக் என்ற மருத்துவர், தாவரவியலாளர், மாநிலத்தின் முதல் வன ஆணையரான பிறகு, 1898 முதல் இந்தத் தரிசை அரசு மலிவாக வாங்கத் தொடங்கியது. அதன்பின் தீயை அணைத்தார்கள், காவல் காத்தார்கள், சில இடங்களில் கன்றும் நட்டார்கள். பெரும்பகுதி தானாகவே முளைத்தது. ஹெம்லாக் நின்ற இடத்தில் வெளிச்சம் விழுந்ததால் கறுப்புச் செரி ஓங்கியது. இன்று உலகெங்கும் மரச்சாமான் செய்பவர்கள் தேடும் மரம் அது. ஆகவே நீங்கள் பார்க்கப்போவது ஆதிகாடு கிடையாது. ஏறக்குறைய நூறு வயதுள்ள இரண்டாம் காடு. யார் நட்டது என்று உங்கள் டீச்சர் கேட்டால், ‘பெரும்பாலும் யாரும் நடவில்லை, தொந்தரவு செய்வதை நிறுத்தினார்கள்’ என்று எழுதுங்கள். முழு மதிப்பெண் தராவிட்டால் எனக்கு எழுதுங்கள்.

*

கே: அவ்வளவு அழகான இடம் என்றால் பத்து ஏக்கர் வாங்கிப் போடலாமா?
– ரியல் எஸ்டேட் ஆர்வலர், செர்ரி ஹில்

ப: 1852-இல் ஓலே புல் என்ற நார்வே நாட்டு வயலின் மேதை இதே எண்ணத்தோடு கெட்டில் க்ரீக் பக்கம் பதினோராயிரம் ஏக்கருக்கு மேல் வாங்கி, தன் நாட்டவர்களைக் குடியேற்றினார். செங்குத்துச் சரிவு, அடர்ந்த மரம், கடுங்குளிர். மறு ஆண்டே திட்டம் கவிழ்ந்தது. வித்வான் கடனை அடைக்கக் கச்சேரிக்குத் திரும்பினார், ஊரில் கேலிப்பாட்டு கிளம்பியது. இன்று அந்த இடம் அவர் பெயரிலேயே ஸ்டேட் பார்க். வாடகைக்கு ஓர் இரவு டென்ட் போடுங்கள். உலகத்தரமான முதலீட்டு ஆலோசனை அது.

*

கே: குவிஹானாக் காட்டில் அணுசக்தி ஆபத்து என்று வாட்ஸப்பில் வந்ததே?
– ஃபார்வர்டு செய்பவர், ஈஸ்ட் பிரன்ஸ்விக்

ப: வாட்ஸப்பில் வந்தும் பாதி உண்மை இருக்கும் அபூர்வ சந்தர்ப்பம். 1955-இல் கர்டிஸ்-ரைட் நிறுவனம் அணுசக்தியில் ஓடும் ஜெட் எஞ்சினை ஆராய அங்கே நிலம் பெற்று, சில ஆண்டுகளில் கைவிட்டது. கதிரியக்கம் படிந்த கட்டடத்தைச் சுத்தம் செய்து இடித்து முடிக்க இந்த நூற்றாண்டு வரை இழுத்தது. இன்று அது சுமார் 50,000 ஏக்கர் வனப்பகுதி. அங்கே உங்களுக்கு உள்ள பெரிய ஆபத்து மேலே சொன்ன கசகசாதான்.

*

கே: மூன்று நாளும் மழை பெய்தால்?
– அபசகுனம் என்று வீட்டில் திட்டு வாங்குபவர், எடிசன்

ப: ஒரு நாள் 6-ஆம் எண் சாலையில், கேல்டனுக்கும் கௌடர்ஸ்போர்ட்டுக்கும் நடுவில் இருக்கும் மரவெட்டு அருங்காட்சியகம். இன்னொரு நாள் மேற்கே கின்சுவா பாலம்: 1882-இல் கட்டியபோது உலகின் மிக உயரமான ரயில் பாலம், 301 அடி. 2003-இல் ஒரு சூறாவளி அதில் பாதியைச் சாய்த்துவிட்டது. மிச்சம் நின்றதை 2011-இல் நடைபாதையாக்கி, முனையில் கண்ணாடித் தரை போட்டிருக்கிறார்கள். விழுந்த இரும்பு கீழே அப்படியே கிடக்கிறது. மூன்றாம் நாளும் பெய்தால், போட்டர் கவுண்டியில் ஒரு மேட்டைத் தேடிப் போங்கள். அங்கே விழும் மழை மூன்றாகப் பிரிகிறது: அலெகெனி வழியாக மெக்சிகோ வளைகுடா, ஜெனசி வழியாக செயின்ட் லாரன்ஸ் வளைகுடா, பைன் க்ரீக் வழியாக செசபீக் விரிகுடா. குடை பிடித்துக்கொண்டு, உங்கள் லீவு எந்தக் கடலில் கலக்கிறது என்று யோசிக்கலாம்.

*

கே: இங்கே சொந்த வீட்டில் கட்டில், மெத்தை வாங்கத்தானே அமெரிக்கா போனார்கள்? காசு கொடுத்துத் தரையில் படுப்பானேன்?
– ஓய்வுபெற்ற தகப்பனார், சென்னை

ப: ஐயா, காசு தரைக்கு இல்லை, தரையில் படுக்கத் தேவையான சாமான்களுக்கு.

*

கே: இவ்வளவும் படித்தபின் போகவே வேண்டாம் என்று தோன்றுகிறது.
– மனம் மாறியவர், பிரின்ஸ்டன்

ப: நல்லது. அப்படியானால் செப்டம்பரில் போங்கள். 19-ஆம் நூற்றாண்டில் வேட்டையாடித் தீர்த்த எல்க் மானை 1913-இல் யெல்லோஸ்டோனிலிருந்து ரயிலில் கொண்டுவந்து விட்டார்கள். இன்று ஆயிரத்துக்கும் மேல். வசந்தத்தில் கிடாக்கள் கொம்பு உதிர்த்துவிட்டு அடையாளம் தெரியாமல் மேயும். இலையுதிர்காலத்தில்தான் முழுக் கொம்போடு, மலை அதிரக் கூவும். பெனசெட் ஊரில் காரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். டென்ட் வேண்டாம், மண்வாரி வேண்டாம். விடுதி அறையை மட்டும் இப்போதே பதிவு செய்யுங்கள். அந்தச் சில வாரங்களில் அங்கே காட்டுக்கு நடுவிலேயே டிராஃபிக் ஜாம் உண்டு. பிரின்ஸ்டனை விட்டு வந்த ஏக்கமே தெரியாது.